பாலைவனத்தில் எண்பது நாள்: எங்கள் ஆர்.வி. பயணம் பற்றி எல்லாரும் கேட்ட கேள்விகள்

இவருக்கு 69, எனக்கு 65. கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் முப்பது வருஷமாக இருக்கிறோம். 2024 ஜனவரி 20 அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு மோட்டார் ஹோமில் கிளம்பினவர்கள், ஏப்ரல் 8 அன்றுதான் திரும்பினோம். அன்றிலிருந்து கோவிலில், கல்யாணத்தில், போனில் ஒரே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்துவிட்டேன்.

எழுதும்போது ஒன்று தெரிந்தது. எல்லாரும் பாம்புக்கும் திருடனுக்கும் வெயிலுக்கும்தான் பயப்படுகிறார்கள். எங்களைப் படுத்தியது ஒரு பழைய டயர், உறைந்த குழாய், ஒரு எலி.

"ஆர்.வி., மோட்டார் ஹோம், டிரெய்லர் எல்லாம் ஒண்ணுதானா அக்கா?"

ஆர்.வி. என்பது பொதுப்பெயர். வேறொரு வண்டி இழுத்துக்கொண்டு போனால் டிரெய்லர். எஞ்சினும் வீடும் ஒரே உடம்பாக இருந்தால் மோட்டார் ஹோம். அதிலும் மூன்று வகுப்பு: 'ஏ' என்றால் டூரிஸ்ட் பஸ் அளவு, 'பி' என்றால் வேன், 'சி' என்றால் டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

எங்களுடையது பழசாக வாங்கிய 25 அடி 'சி'. பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ், ஒரு ஆள் திரும்ப மட்டும் இடமுள்ள குளியலறை. பரணில் யாரும் படுக்கவில்லை. அரிசி, பருப்பு, இவருடைய மடக்கு நாற்காலி எல்லாம் அங்கேதான்.

"எந்தெந்த ஊருக்குப் போனீங்க?"

ஃப்ரீமான்ட்டிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்ட், டெஹாச்சபி மலை தாண்டி மொஹாவி பாலைவனம். முதலில் டெத் வேலி, பிறகு ஜோஷுவா ட்ரீ. அங்கிருந்து அரிசோனாவில் குவார்ட்ஸைட், யூமா, ஆர்கன் பைப், டூசான். கடைசியாக நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ். திரும்பும்போது நேர் ரோடு. மொத்தம் சுமார் 3,100 மைல், அதாவது ஐயாயிரம் கிலோமீட்டர்.

"அவ்வளவு பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேணாமா? நீங்களும் ஓட்டினீங்களா?"

எங்கள் வண்டி அளவுக்குக் கலிஃபோர்னியாவில் சாதாரண கார் லைசென்ஸே போதும். 40 அடிக்கு மேல் போனால் விதி மாறும்.

நானும் ஓட்டினேன். இது வேடிக்கைக்கு இல்லை. நடுவழியில் இவருக்குச் சர்க்கரை இறங்கினால் யார் ஓட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாகக் கிடந்த ஒரு பார்க்கிங்கில் மூன்று மணி நேரம் பழகினேன். முன்னால் போவது பெரிய விஷயமே இல்லை. திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் எதிர்ப்பக்கமாக வீசிக்கொண்டு போகும், அதுதான் பெட்ரோல் பங்க் கம்பத்தை இடிக்கும். இன்னொன்று உயரம். '11 அடி 3 அங்குலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மைல் போனீங்க?"

ஆர்.வி. ஆட்கள் 'மூன்று மூன்று மூன்று' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் நிறுத்து, ஒரு இடத்தில் 3 நாளாவது இரு. எங்களுக்கு 300 அதிகம். 180 தாண்டினால் இவருக்கு முதுகு பேச ஆரம்பித்துவிடும். மூன்று மணிக்குள் நிறுத்துவதை மட்டும் விடவே இல்லை. இருட்டில் புது இடத்தில் 25 அடியைப் பின்னால் எடுப்பது கண்ணைக் கட்டிக் கோலம் போடுகிற வேலை.

"அந்தப் பொட்டல்ல என்னதான் இருக்கு பாக்க? ஒரு வாரத்துல போரடிச்சிருக்குமே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். டெத் வேலியில் பேட்வாட்டர் என்ற இடம் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம் அதுதான். எப்போதும் வெள்ளை வெளேரென்று உப்புப் பாளமாகக் கிடக்கும். நாங்கள் போனபோது அங்கே ஏரி! 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் வந்து ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு அது ஒரு வருஷ மழை. ரோடெல்லாம் அரித்துப் போய், அக்டோபர் நடுவரை பார்க்கையே மூடி வைத்திருந்தார்கள். தண்ணீர் வற்றுவதற்குள் 2024 பிப்ரவரி முதல் வாரம் மறுபடி மழை. நாங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்ட மழை அது. கணுக்கால் ஆழத்தில் நின்றால் எதிர் மலையின் பனி காலடியில் தெரிகிறது. அதே மாதம் அதில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு கூட ஓட்டினார்கள்.

டூசான் பக்கம் சஹுவாரோ கள்ளி. கை முளைக்கவே ஐம்பது, எழுபத்தைந்து வருஷம் ஆகும். கிட்டப் போய்ப் பார்த்தால் உடம்பு முழுக்க ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு. மழை பெய்தால் தண்ணீர் குடித்து மடிப்பு விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒயிட் சாண்ட்ஸ் மணல் ஜிப்சம், பார்வைக்குக் கோலமாவேதான். நல்ல வெயிலிலும் வெறுங்காலில் நடந்தால் சுடுவதில்லை. போரடித்ததா என்றால், குவார்ட்ஸைட்டில் நாலாவது நாள் கொஞ்சம் அடித்தது. பொய் சொல்வானேன்.

"வெயில்ல கருகிட மாட்டீங்களா?"

போகிற மாதத்தைப் பொறுத்தது. டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில்தான் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 56.7 டிகிரி, பதிவானது. ஜூலையில் அங்கே சாதாரணமாகவே 47 டிகிரி. ஜனவரியில் பகலில் 19, ராத்திரி 4. கோடையில் டெத் வேலிக்குள் வண்டியை எடுத்துப்போகவே வாடகைக் கம்பெனிகள் பல அனுமதிப்பதில்லை.

எங்களைப் படுத்தியது குளிர். பாலைவனக் காற்றில் ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. பகல் சூட்டைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் எல்லாம் வானத்துக்குப் போய்விடும். ஜோஷுவா ட்ரீயில் ஜம்போ ராக்ஸ் என்ற முகாம் 4,400 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டாம் நாள் காலை குழாயைத் திறந்தால் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. அடியில் ஓடும் குழாய் உறைந்திருக்கிறது. பத்து மணி வெயில் பட்ட பிறகுதான் இவருக்குக் காபி. அன்றிலிருந்து ராத்திரி ஒரு குடம் பிடித்து உள்ளே வைப்பேன். குளிருக்கு ப்ரொபேன் ஹீட்டர் உண்டு. கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய மட்டும் கூடாது, கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கான அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

"தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், சுமார் 150 லிட்டர். சென்னையில் லாரித் தண்ணீர்க் காலத்தில் குடித்தனம் நடத்தியவள் நான், எனக்கு இது புதிதில்லை. ஒரு நாளைக்கு எட்டு காலன் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாள் வரும். குடிக்க மட்டும் தனிக் கேன்கள். டெத் வேலியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலனாவது குடிக்க வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குளிர்தானே என்று அதைக் குறைக்காதீர்கள். வியர்ப்பதே தெரியாமல் உடம்பு காயும்.

குளியல்: உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற. இரண்டு காலனில் முடியும். சூடு வரும்வரை ஓடுகிற பச்சைத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் அது பாத்திரத்துக்கு. அரிசி களைந்த தண்ணீரில் தட்டின் முதல் கழுவல். தட்டைக் கழுவுமுன் பேப்பரால் துடைத்துவிடுங்கள். ரசம், சாம்பார் வைக்கிற வீட்டுக்கு இதுவே பாதி மிச்சம்.

"கேக்கவே ஒரு மாதிரி இருக்கு மாமி, பாத்ரூம் போனா அது எங்க போகும்?"

தயங்காமல் கேளுங்கள், எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம்தான். அடியில் இரண்டு கழிவுத் தொட்டி. சிங்க், குளியல் தண்ணீர் போவது கிரே டேங்க். டாய்லெட்டில் போவது பிளாக் டேங்க். முகாம்களிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் டம்ப் ஸ்டேஷன் இருக்கும். தடித்த குழாயை மாட்டி வால்வை இழுத்தால் பாதாளச் சாக்கடைக்குப் போய்விடும்.

ஒரே விதி: முதலில் பிளாக், அப்புறம் கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிக் கொடுக்கும். இவர் முதல் தடவை மாற்றிச் செய்தார். அந்தக் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்தது இவர்தான், நான் இல்லை. இன்னொன்று, பிளாக் டேங்க் வால்வைத் திறந்தபடியே விட்டுவைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது மேடு கட்டிவிடும். நிரம்பியபின் திறங்கள்.

"சாப்பாடு? பிரெட்டும் ஜாமுமா? இட்லி மாவு பொங்குமா?"

பிரெட் சாப்பிட இவ்வளவு தூரம் போவானேன்? மூன்று லிட்டர் குக்கர், ஒரு இட்லித் தட்டு, சின்ன மிக்ஸி. தாளிப்பை மட்டும் வெளியே ஒற்றை அடுப்பில் வைத்துக்கொண்டேன். உள்ளே கடுகு வெடித்தால் புகை அலாரம் அலறும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார்.

மாவு விஷயத்தில் பெரிய பாடம். ஜோஷுவா ட்ரீ குளிரில் ஒன்றரை நாள் ஆகியும் பொங்கவில்லை. குவார்ட்ஸைட் வந்ததும் பாத்திரத்தைக் கறுப்புத் துண்டில் சுற்றி, வெயில் விழும் டாஷ்போர்டில் வைத்தேன். ஊரைச் சுற்றிவிட்டு வந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, காற்று வரும் துவாரத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு வண்டி ஹீட்டர் போட்டால் புளித்த மாவு வாசனை. இட்லி என்னவோ பூ மாதிரி வந்தது.

"கரண்டு? ஏசி ஓடுமா?"

முகாமில் பிளக் இருந்தால் 30 ஆம்ப் கம்பியைச் செருகினால் எல்லாமே ஓடும். இல்லாத இடத்தில் கூரையில் சோலார், கீழே பேட்டரி. விளக்கு, பம்ப், போன், மின்விசிறிக்குத் தாராளம். ஏசி, மிக்ஸிக்கு ஜெனரேட்டர் போட வேண்டும். அது மணிக்கு அரை காலன் பெட்ரோல் குடிக்கும், முகாம்களில் குறிப்பிட்ட நேரம்தான் போடவும் விடுவார்கள். எண்பது நாளில் ஏசி போட்டது நாலு நாள்.

"ராத்திரி எங்க நிறுத்துவீங்க? போலீஸ் துரத்தாதா?"

மூன்று வகை. ஒன்று, நேஷனல் பார்க் முகாம்கள். 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் 80 டாலரில் ஆயுள் பாஸ் உண்டு. நுழைவு இலவசம், முகாம் வாடகை பெரும்பாலும் பாதி. இரண்டு, தனியார் முகாம்கள். துணி துவைக்க, தொட்டி காலி செய்ய வாரம் ஒரு தடவை போவோம். மூன்றாவது பலருக்குத் தெரியாது: மத்திய அரசின் நில நிர்வாகத் துறை, பி.எல்.எம். என்பார்கள். அவர்கள் நிலத்தில் பல இடங்களில் 14 நாள் வரை சும்மாவே தங்கலாம். குழாயும் இல்லை, விளக்கும் இல்லை.

குவார்ட்ஸைட் பக்கத்தில் லா போசா என்ற இடத்தை, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்குபவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது 14 நாளுக்கு 40 டாலர், சீசன் முழுக்க 180. டம்ப் ஸ்டேஷன், தண்ணீர், குப்பைத்தொட்டி எல்லாம் அதில் அடக்கம். மினசோட்டா, கனடாவிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற கிழவர் கிழவிகளுக்குப் பனிப்பறவைகள் என்று பெயர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர் ஜனவரியில் திருவிழாக்கூட்டமாகிவிடும். அந்த ஊர்ச் சுடுகாட்டில் ஒரு கல் பிரமிடு, உச்சியில் ஒட்டகம். 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்கென்று ஒட்டகம் இறக்குமதி செய்தபோது கூட வந்த ஹாட்ஜி அலியின் சமாதி அது. பெயர் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். முப்பது வருஷம் ஆபீஸில் என் பெயரைப் பாதியாக வெட்டியவர்களை நினைத்துக்கொண்டேன்.

எங்கே நிறுத்தினாலும் ஒன்று: காய்ந்த ஓடையில் நிறுத்தாதீர்கள். மட்டமாக, மணலாக, அழகாக இருக்கும். இருபது மைலுக்கு அப்பால் மழை பெய்தாலும் வெள்ளம் அங்கேதான் வரும்.

"ரெண்டு வயசானவங்க தனியா… பாம்பு, தேள், திருடன்?"

குளிர்காலத்தில் பாம்புகள் பெரும்பாலும் பொந்துக்குள். மார்ச் கடைசியில் ஒன்றே ஒன்று பார்த்தோம், அது அதன் வழியில் போனது. தேளைத் தேடினால்தான் கிடைக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும், இவருக்கு அது பொழுதுபோக்கு. வெளியே விட்ட செருப்பை உதறிப் போடுங்கள், போதும். திருடன் வரவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் வாழைப்பழ பிரெட் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பயப்பட வேண்டியது சோய்யா கள்ளிக்கு. தொட்ட மாதிரியே இருக்காது, காலில் ஒரு முள் உருண்டை ஒட்டியிருக்கும். கையால் எடுத்தால் கையில் ஒட்டும். அகலப்பல் சீப்பை அடியில் கொடுத்து வெடுக்கென்று தள்ள வேண்டும். என் தலைவாரும் சீப்பு அதற்கே போயிற்று.

"எலின்னு சொன்னீங்களே, அது என்ன கதை?"

அங்கே ஒரு காட்டு எலி இருக்கிறது, கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கூடு கட்டும். லா போசாவில் ஐந்து நாள் வண்டியை அசைக்காமல் நிறுத்தினோம். ஆறாம் நாள் பானெட்டைத் திறந்தால், எஞ்சின் மேல் சோய்யா உருண்டைகள், சுள்ளி, காணாமற்போன என் மஞ்சள் சமையல் துணியின் ஒரு மூலை. இரண்டு வயரைக் கடித்திருந்தது. பக்கத்து மினசோட்டா தாத்தா சொன்னார்: ராத்திரியில் பானெட்டைத் திறந்து வை, உள்ளே ஒரு விளக்குத் தொங்கவிடு, இருட்டு இல்லாவிட்டால் வராது. செய்தோம், வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, அந்தத் திடல் முழுக்க வண்டிகள் ஏன் ராத்திரியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன என்று.

"வண்டி நடுவழியில நின்னா?"

நின்றது. யூமாவிலிருந்து கிலா பெண்ட் போகும் எட்டாம் எண் நெடுஞ்சாலையில் டப்பென்று ஒரு சத்தம், பின்பக்கம் ஆடியது. பின்னால் இருபுறமும் இரட்டைச் சக்கரம், அதில் உள்பக்க டயர் வெடித்துத் தோல் உரிந்து, கிரே டேங்க் குழாயையும் இழுத்துவிட்டது. நிழலே இல்லாத ரோட்டோரத்தில் நாலு மணி நேரம். லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது.

டயரில் பூ, அதாவது ரோட்டைப் பிடிக்கிற வெட்டு, நன்றாகவே இருந்தது. விற்றவரும் "புதுசு மாதிரிதான்" என்றார். ஆனால் டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். எங்களுடையதில் 2314, அதாவது 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம். பத்து வயது டயர்! ஆர்.வி. டயர் ஓடித் தேய்வதைவிட, வெயிலில் நின்றே சாகும். ஆறேழு வருஷம் ஆனால் பூ இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆறையும் மாற்றினோம். கார் ரிப்பேர் சந்தா வைத்திருக்கிறோம் என்று இருந்துவிடாதீர்கள், பலவற்றில் மோட்டார் ஹோம் சேராது. கேட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். மறுநாள் டேட்லேண்டுக்குத் திரும்பிப் போய்ப் பேரீச்சம்பழ மில்க் ஷேக் குடித்தோம். சர்க்கரைக்காரருக்கு இரண்டே வாய்.

"மலை இறக்கத்துல பிரேக் பிடிக்குமா?"

காலால் மட்டும் பிடித்தால் பிடிக்காமல் போகும். மேற்கிலிருந்து டெத் வேலிக்குள் இறங்கும் டவுன் பாஸ் கிட்டத்தட்ட 5,000 அடி. அங்கிருந்து கடல்மட்டத்துக்கு ஒரே இறக்கம். பாதியில் கருகிய வாசனை. ஓரங்கட்டி அரை மணி ஆறவிட்டோம். அதன்பின் கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினோம். ஏற்றம் எந்த கியரோ இறக்கமும் அதே கியர், லாரிக்காரர்கள் கணக்கு. ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள். சில ஏற்றங்களில் அதற்குப் போர்டே வைத்திருக்கிறார்கள்.

"மாமாவுக்கு இன்சுலின், அதை எப்படிச் சமாளிச்சீங்க? உடம்புக்கு வந்தா?"

பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கேஸில் ஓடும் ஆர்.வி. ஃப்ரிட்ஜுக்கு வண்டி மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும். கொத்தனார் ரசமட்டம் ஒன்று வாங்கித் தரையில் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கடியில் கட்டை கொடுப்போம். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர். பிரித்ததை வெளியே வைக்கலாம், வெயில் படாமல். டாஷ்போர்டில் வைக்கவே கூடாது, இட்லி மாவு கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி நேரத்துக்கு ஒரு குழப்பம் உண்டு. அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நாங்கள் போன 2024இல் அங்கே மார்ச் 10 வரை கலிஃபோர்னியாவைவிட ஒரு மணி முந்தி, அதன்பின் இரண்டும் ஒன்று. நியூ மெக்ஸிகோ போனால் மறுபடி ஒரு மணி. போன் நேரத்தை நம்பாமல், வீட்டு நேரத்தில் ஒரு பழைய கைக்கடிகாரத்தை அடுப்படியில் மாட்டிவிட்டேன்.

மெடிகேர் என்பது வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. சாதாரண மெடிகேர் எந்த மாநிலத்திலும் செல்லும். அதையே தனியார் கம்பெனி வழியாக எடுக்கும் அட்வான்டேஜ் திட்டமென்றால், அவசரம் தவிர மற்றவற்றுக்கு வெளி மாநிலத்தில் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

"போன் சிக்னல் கிடைக்குமா? பொண்ணு பயப்படலையா?"

பாதி இடத்தில் கிடைக்காது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவையுங்கள், காகித வரைபடமும் ஒன்று. குறுக்குவழி என்று போன் காட்டும் மண்பாதையில் திரும்பாதீர்கள், டெத் வேலியில் அப்படித் திரும்பி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சேட்டிலைட்டில் குறுஞ்செய்தி அனுப்பும் கைக்கருவி ஒன்றைப் பெண் வாங்கிக் கொடுத்தாள். தினம் ஏழு மணிக்கு 'நலம்' என்று ஒரு பட்டன். ஒரு நாள் மறந்து எட்டரைக்கு அழுத்தினேன். அந்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

"எவ்வளவு செலவாச்சு?"

வண்டி விலை நீங்கலாகச் சொல்கிறேன். காலனுக்கு எட்டரை மைல்தான் தந்தது. அப்படி 365 காலன், சுமார் 1,400 டாலர். முகாம் வாடகை 620. ஆறு டயரும் இழுவை வண்டியும் சேர்ந்து 1,500க்கு மேல். சாப்பாடு வீட்டில் ஆவதுதான். கலிஃபோர்னியா பெட்ரோல் விலைக்கும் அரிசோனா விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எல்லை தாண்டி அரிசோனாவில் நிரப்புங்கள். டெத் வேலிக்குள் நிரப்பாதீர்கள்.

"வழியில எல்லாம் செக் பண்றாங்களாமே? கிரீன் கார்டுதான் இருக்கு, பரவாயில்லையா?"

மெக்ஸிகோ எல்லையைத் தொடாமலே போனாலும், எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடிகள் உள்ளே தள்ளி நெடுஞ்சாலையில் இருக்கும். ஆர்கன் பைப்பிலிருந்து வடக்கே வரும்போது ஒன்று, ஒயிட் சாண்ட்ஸிலிருந்து லாஸ் குரூசஸ் திரும்பும்போது ஒன்று. குடிமக்களா என்று கேட்பார்கள். கிரீன் கார்டுக்காரர்கள் அசல் அட்டையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், அது சட்டம். வீட்டு லாக்கரில் இருந்தால் பயனில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு சாவடி முக்கியம். அரிசோனாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குள் நுழையும்போது விவசாயச் சோதனை. என் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அங்கேயே நின்றுவிட்டன. எலுமிச்சைக்குச் சரி, கறிவேப்பிலைக்கு ஏன் என்று கேட்டேன். இரண்டும் ஒரே குடும்பமாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். காய்ந்த இலையை முன்பே டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள்.

"புழுதிப் புயல் வந்தா என்ன பண்ணணும்?"

நியூ மெக்ஸிகோவில் லார்ட்ஸ்பர்க் பக்கம் காய்ந்த ஏரிப்படுகை ஒன்று பத்தாம் எண் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே கிடக்கிறது. மார்ச் கடைசியில் காற்று அடித்தபோது முன்னால் போன லாரி கண்ணெதிரே காணாமற்போயிற்று. முன்கூட்டியே படித்திருந்ததால் செய்தோம்: ரோட்டை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிறுத்து, எல்லா விளக்கையும் அணை, பிரேக்கிலிருந்து காலை எடு, பெல்ட்டைக் கழற்றாதே. விளக்கு எரிந்தால், பின்னால் வருகிறவன் அதையே ரோடு என்று நினைத்து வந்து மோதுவான். முன்னால் தெரியாதபோது விளக்குப் போடுவதுதான் நமக்குப் பழக்கம். அணைக்க மனசு வருவதில்லை, அணைத்துத்தான் ஆக வேண்டும்.

"எண்பது நாள், இருபத்தஞ்சு அடிக்குள்ள, ரெண்டே பேர்… சண்டை?"

பின்னால் எடுக்கும்போதெல்லாம். நான் வெளியே நின்று "லெஃப்ட்" என்பேன். யாருடைய லெஃப்ட் என்பார். ஒரு முகாமில் எங்களைப் பார்க்கவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இடது வலது என்ற பேச்சையே விட்டோம். 'டிரைவர் பக்கம்', 'வாசல் பக்கம்', அவ்வளவுதான். என்னைக் கண்ணாடியில் காணோமென்றால் உடனே நிறுத்த வேண்டும். மற்றபடி காலையில் ஒரு மணி நேரம் இவர் வெளியே, நான் உள்ளே. சாயங்காலம் மாற்றி.

"ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, கூட்டிட்டுப் போகலாமா?"

எண்பது நாள் வேண்டாம். வாடகை வண்டியில் ஐந்து நாள், பிளக் இருக்கிற முகாமாகப் பார்த்து, பிப்ரவரி அல்லது மார்ச்சில். பரண் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், அதில் நீங்கள் படுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், காரணம் மேலே சொன்ன சாவடி. ஃபீனிக்ஸுக்குத் தெற்கே மாரிகோபாவில் மகா கணபதி கோவில் இருக்கிறது. அங்கே ஒரு நாள் நிறுத்தினால் அம்மா மீதி நாலு நாளும் குறை சொல்ல மாட்டார்கள்.

"அடுத்த தடவை நாங்களும் உங்க வண்டியிலேயே வரட்டுமா?"

தாராளமாக வாருங்கள், உங்கள் வண்டியில். தொட்டி 40 காலன்தான் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.